மூன்றாம் இலக்கப் போத்தல்

அழகம்மாவின் வேலைக்குக் காகிதத்தில் கௌரவமான ஒரு பெயர் இருந்தது: ஆய்வுகூடத் தற்காலிக உதவியாளர். செய்தது போத்தல் கழுவுவது. கண்டி நகரத்தின் ஒரு மூலைக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் சிறிய நீர்த்தேக்கம் ஒன்று மலையில் இருந்தது. அதன் அணைக்கட்டுக்குக் கீழே சுத்திகரிப்பு நிலையம், நிலையத்தின் பின்புறத்தில் இரண்டு அறை ஆய்வுகூடம், இரண்டாவது அறையில் ஒரு கழுவுதொட்டி. ஆறு வருடமாக அந்தத் தொட்டிதான் அவளுடைய இடம். தண்ணீர் நல்லதா கெட்டதா என்று பெரியவர்கள் கூட்டம் போட்டுப் பேசுவார்கள். அவர்கள் பேசுகிற எண் எந்தப் போத்தலிலிருந்து வந்தது, அந்தப் போத்தலை யார் எப்படிக் கழுவினார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

அவள் பிறந்தது அந்த நீர்த்தேக்கத்துக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில். கலியாணம் கட்டிக் கீழே இறங்கியவள் பிறகு மேலே போய் இருக்கவில்லை. புருஷன் சுந்தரலிங்கம் கடுகண்ணாவையில் ஓட்டோ ஓட்டினான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலை, தரிப்பிடத்தில் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துப்போனான். பேராதனை ஆஸ்பத்திரியில் உடலை வாங்கியதும், வீட்டில் கிடத்தி வைத்ததும், எல்லாம் அவளே நின்று பார்த்துக்கொண்டாள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கிடைத்ததா என்று கேட்டாள். வாடகைக் கதிரைகளை எண்ணித் திருப்பி அனுப்பினாள். அழுத்தக்காரி என்று சிலர் காதுபடவே சொன்னார்கள். அழுத்தமெல்லாம் ஒன்றுமில்லை. உள்ளே ஏதோ மரத்துப்போய்விட்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது, வேலைக்கு நேரத்துக்குப் போனாள். கறியில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியவில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு, உப்பில்லை என்று சொல்லிக் காட்டவும் ஆள் இல்லை.

மேலே அவளுக்கென்று இருந்தது அண்ணன் மோகனராஜின் குடும்பம். தேயிலை செத்துப்போய்த் தோட்டம் கைவிட்ட ஒரு சரிவை அண்ணனும் இன்னும் பத்துக் குடும்பங்களும் கொத்திப் பண்படுத்தி, படிப்படியாக வரம்பு கட்டி, லீக்ஸும் போஞ்சியுமாக மரக்கறி போட்டிருந்தார்கள். பன்னிரண்டு வருடப் பாடு. காணிக்கு உறுதி கிடையாது. தோட்டத்தை நடத்திய பழைய துரை ஒருவர் போகிற போக்கில் செய்துகொள்ளுங்கள் என்று வாயால் சொன்னதுதான் அவர்களுக்கு இருந்த பத்திரம். அந்தப் பதினொரு வீட்டுப் பிள்ளைகள் உயர்தரம் வரை படித்ததும், பெண்கள் அடைமழையில் கொழுந்து எடுக்கப் போகாமல் இருந்ததும் அந்தச் சரிவால்தான். அதைப் பிடுங்க வழக்கு வேண்டாம், ஒரு கடிதம் போதும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் ஒவ்வொரு போகமும் விதைத்தார்கள்.

அந்த வருடம் மாசியில் மழை இல்லை. பங்குனி பிறந்தபோது நீர்த்தேக்கம் பச்சையாகிவிட்டது. யாரோ பெயின்டை வாளி வாளியாகக் கரைத்து ஊற்றியது போல, கரையோரம் ஆடை கட்டிக் கிடந்தது. நகரத்தில் குழாயைத் திறந்தால் மண் வாடை அடித்தது. தொலைபேசியில் வந்த ஏச்சுகளைக் கேட்டுக் கேட்டு நிலையத்து எழுதுவினைஞருக்குக் காது புளித்துப்போயிற்று. ஆய்வுகூடத்துப் பொறுப்பாளர் திருச்செல்வம், யாழ்ப்பாணத்து மனிதர், கண்டிக்கு வந்து இருபது வருடமாயிற்று. அவர் எல்லோரையும் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். பாசி மாதிரித் தெரியும், ஆனால் பாசி இல்லை, நீலப்பச்சைப் பக்டீரியா. வெயிலும் அசையாத தண்ணீரும் கிடைத்தால் பெருகும். அதில் சில வகை ஈரலைக் கெடுக்கும் நஞ்சை விடும், கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அதற்குத் தீனி நைதரசனும் பொஸ்பேட்டும். தீனி எந்தப் பக்கத்தால் வந்து சேருகிறது என்று கண்டுபிடித்து அடைத்தால்தான் பச்சை போகும் என்றார். அழகம்மா கதவோரம் நின்று கேட்டுவிட்டுத் தொட்டிக்குத் திரும்பினாள்.

நீர்த்தேக்கத்தில் வந்து விழும் ஓடைகள் ஐந்து. ஐந்துக்கும் ஐந்து இலக்கம், ஐந்து போத்தல், ஒவ்வொன்றிலும் அழியாத மையில் அதனதன் எண். பச்சை வந்ததிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை நிலையத்துத் தொழிலாளி ஹபீல் அவற்றைத் தூக்கிக்கொண்டு மலையெல்லாம் ஏறி இறங்கித் தண்ணீர் எடுத்து வருவார். அக்குறணைக்காரர், அழகம்மாவை விட நாலைந்து வயது மூத்தவர், வாய் சும்மா இருக்காது. மூன்றாம் இலக்கம் மரக்கறிச் சரிவிலிருந்து இறங்கும் ஓடை. அது ஆழமில்லாத ஓடை, போத்தலை முக்கினால் அடிச்சேறும் சேர்ந்து வரும். சோதித்து முடித்த பிறகும் அந்தப் போத்தலின் கழுத்திலும் அடியிலும் செம்மண் கறை விடாமல் நிற்கும். அதைத் தொட்டியருகே வைக்கும்போதெல்லாம் ஹபீல் ஒன்று சொல்வார்.

“இந்தா அழகம்மா, ஒங்கட ஆக்கள்ட போத்தல் வந்தீக்கி. எந்த நாளும் சேறுதான்.”

முன் அறையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அழகம்மாவும் சிரிப்பாள். ஹபீலுக்கு மனதில் ஒரு கள்ளமும் கிடையாது, சுந்தரலிங்கத்தின் சாவீட்டில் மூன்று நாளும் ஓடியாடி நின்றவர். ஆனாலும் இரண்டு வருடமாக எதுவும் ஏறாத மனதில் அந்தச் சொல் மட்டும் போய் ஒட்டிக்கொண்டது. டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் வருடம், காலில் சேறு என்று சொல்லிப் பக்கத்துப் பிள்ளை தான் உட்கார்ந்திருந்த வாங்கை நகர்த்திப் போட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அவள் தன் கால் நகத்திலிருந்து கதவு நிலை வரை எதிலும் அழுக்கு இருக்கவிட்டதில்லை. வேலைக்கு எடுத்ததுகூட அவள் சுத்தக்காரி என்று யாரோ சொல்லித்தான்.

போத்தல் கழுவுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் குழாய்த் தண்ணீர், பிறகு ஒரு நாள் முழுக்க அசிட் கலந்த வாளியில் ஊறல், அதற்குப் பிறகு வடித்த தண்ணீரால் மூன்று அலசல். வேலைக்குச் சேர்ந்த அன்று, ஓய்வு பெறப் போகிற ஒருவர் அவசரமாகச் சிங்களத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது இவ்வளவுதான். ஏன் என்று அவர் சொல்லவில்லை. கிருமி சாகத்தான் அசிட் என்று அழகம்மா தானாக நினைத்துக்கொண்டாள். நான்கு போத்தலுக்கு அது போதுமாக இருந்தது. மூன்றாவதின் கறைக்குப் போதவில்லை. ஒரு நாள் வீட்டிலிருந்து சவர்க்காரத் தூளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தாள். தாராளமாகப் போட்டு ஊறவைத்து, உள்ளே தூரிகையை விட்டுத் தேய்தேய் என்று தேய்த்தாள். போத்தல் பளபளத்தது. இவ்வளவு சுத்தமான பிறகு அசிட் எதற்கு என்று குழாயில் ஒரு தரம் அலசிக் கவிழ்த்து வைத்தாள். ஹபீல் அதைத் தூக்கிப் பார்த்து, இப்போதுதான் போத்தல் மாதிரி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அன்றைக்கு அழகம்மாவுக்குச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது, ஆனால் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாய் கூடுதலாக இறங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் மூன்றாவதற்குச் சவர்க்காரம், மற்ற நான்குக்கும் அசிட்.

ஐந்து வாரத்து எண்கள் சேர்ந்தன. மூன்றாம் இலக்கத்தில் பொஸ்பேட் வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. யாருக்கும் ஆச்சரியமில்லை. மேலே மரக்கறி, மரக்கறிக்கு உரம், உரம் கரைந்து ஓடையில் வருகிறது, கணக்குச் சரி. ஐந்தாம் இலக்கமும் கொஞ்சம் கூடத்தான் இருந்தது, ஆனால் பக்கத்தில் அவ்வளவு பெரிய எண் நிற்கும்போது அதை யார் பார்ப்பார்கள்? திருச்செல்வம் அறிக்கை அனுப்பினார். அது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய், கடைசியில் ஒரு கடிதமாகி மலையேறியது. சித்திரை மாதம் முடிவதற்குள் சரிவில் உள்ள பயிர் அனைத்தையும் அகற்றிக் காணியை ஒப்படைக்க வேண்டும். பன்னிரண்டு வருடத்தை அந்தக் கடிதம் ஒன்றரை வரியில் முடித்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மோகனராஜ் தங்கச்சி வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். உரத் தட்டுப்பாடு வந்த வருடத்திலிருந்து தாங்கள் மூட்டை உரத்தையே விட்டுவிட்டதாகச் சொன்னார். இலைக்குப்பையைத்தான் மக்கவைத்துப் போடுகிறார்களாம். மண் கரைந்து ஓடைக்குப் போகாமல் வரம்புக்கு வரம்பு வடிகான் வெட்டியிருக்கிறார்களாம். பிறகு எப்படி என்று தன்னிடமே கேட்பது போலக் கேட்டுவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ அங்கதானே இருக்க புள்ள,” என்றார் கடைசியில். “ஒரு வார்த்த சொல்லிப் பாரேன்.”

“நான் போத்தல் கழுவுறவ அண்ணே. நான் சொன்னா யாரு கேப்பா?”

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை, அவருக்கும் அது தெரிந்த விஷயம்தான். அவர் போன பிறகுதான், இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை தான் கேட்கவில்லை என்பது அழகம்மாவுக்கு உறைத்தது. அண்ணனை நினைத்துப் பரிதாபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. கூடப் பிறந்தவனுக்காகக்கூட மனது அசையவில்லையே என்று இலேசாகப் பயந்தாள். பிறகு எழும்பி உலை வைத்தாள்.

கடிதத்தின் தவணைக்குப் பத்து நாள் இருக்கையில், பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து மாணவர்கள் சிலர் நிலையத்தைப் பார்க்க வந்தார்கள். திருச்செல்வம் அவர்களுக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே இரண்டாவது அறைக்கு வந்தார். அசிட் வாளியைப் பார்த்துவிட்டு தர்ஷிகா என்ற மாணவி, சவர்க்காரம் போட்டால் சுலபமாகப் போய்விடாதா என்று தமிழில் கேட்டாள். அவர் அழகம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பதில் சொன்னார்.

“பொஸ்பேட் பாக்கிற போத்தலுக்குச் சவர்க்காரம் காட்டவே கூடாது, பிள்ளை. இந்தத் தூளுகளில பொஸ்பேட் இருக்கு. துளி ஒட்டியிருந்தாலும் வாசிப்பு முழுக்கப் பிழைச்சுப்போம். எங்கட அழகம்மா ஆறு வருசமா அசிட்டிலதான் கழுவுறா.”

மாணவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அழகம்மாவின் கையில் மூன்றாம் இலக்கப் போத்தல் நுரையோடு இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் அடுத்த அறைக்குப் போனார்கள். அவள் போத்தலைக் கீழே வைத்துவிட்டு மற்ற நான்கையும் முறைப்படி கழுவினாள். பிறகு மூன்றாவதையும் எடுத்து அசிட் வாளிக்குள் போட்டாள். நேரமானதும் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அன்றைக்கு அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் என்று நினைத்தால் அது அவளைத் தெரியாதவர்களின் பேச்சு. நிரந்தரமாக்கப் போகிறவர்களின் பட்டியலில் அந்த வருடம் அவள் பெயர் இருந்தது உண்மைதான், ஆனால் அது அவள் நினைவுக்கே வரவில்லை. நடந்தது என்ன, அதைச் செய்தது யார், அதனால் எதை இழக்கப் போகிறார்கள், எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. தெரிந்தது தெரிந்தபடி அங்கேயே கிடந்தது. எழும்பி நாலு எட்டு வைத்து முன் அறைக்குப் போகக் காலுக்கு யாரும் சொல்லவில்லை. இப்படியும் ஒரு மனுஷியா என்று கேட்கலாம். அவளும் அதைத்தான் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை ஹபீல் போத்தல்களைக் கொண்டுவந்து வைத்தார். பகிடி ஒன்றும் விடவில்லை. மேலே பிடுங்கத் தொடங்கிவிட்டார்கள் என்றார். போஞ்சிக் கம்புகளை உருவி அடுக்கியிருக்கிறார்களாம். லீக்ஸ் இன்னும் விரல் தடிப்புகூட வரவில்லையாம், அதையும் இழுத்துப் போடுகிறார்களாம். அழகம்மாவின் அண்ணன் தன்னைக் கண்டு தலையசைத்தார், தனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை என்றார். அழகம்மா கையைச் சேலையில் துடைத்தாள். முன் அறைக்குப் போய்த் திருச்செல்வத்தின் மேசைக்கு எதிரே நின்று, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் ஏசவில்லை. எப்போதும் கழுவுவது போலவே ஒரு போத்தலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் தரச் சொன்னார். அதிலும் அசிட்டில் கழுவிய இன்னொன்றிலும் வடித்த தண்ணீரை ஊற்றி, இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கலந்து வைத்தார். பொஸ்பேட் இருந்தால் அந்த மருந்து நீலமாகும். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று தண்ணீராகவே இருந்தது. மற்றது ஐந்து நிமிடத்தில் நீலம் பாரித்து, பத்தாவது நிமிடத்தில் நல்ல நீலமாகிவிட்டது. திருச்செல்வம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“மூண்டாம் இலக்கத்தை மட்டும் ஏன் இப்பிடிக் கழுவினனீங்கள்?”

“அது ரொம்ப அழுக்கா இருந்துச்சு சேர்.”

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஹபீலைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே தானே மலையேறித் தண்ணீர் எடுத்து வந்தார், மறுநாளும் போய் எடுத்தார். மூன்றாம் ஓடையில் இருந்தது முதலாவதிலும் இரண்டாவதிலும் இருந்த அளவுதான். தீனி ஐந்தாவதால் வந்துகொண்டிருந்தது. அந்த ஓடைக்கு மேலே இருந்தது மரக்கறி இல்லை, அண்மையில் முளைத்த விருந்தினர் விடுதிகள், அவற்றின் மலசலகூடக் குழிகள். ஆரம்பத்திலிருந்தே காகிதத்தில் இருந்த எண்தான் அது. விடுதிக்காரர்களுக்கு எப்போது கடிதம் போகும் என்று ஹபீல் கேட்டதற்கு, அது பெரிய இடத்து விஷயம், நேரமெடுக்கும் என்று எழுதுவினைஞர் சொன்னார்.

திருத்த அறிக்கை போயிற்று. மேலிடத்து உத்தரவு வரும்வரை சரிவில் யாரையும் நிறுத்தச் சொல்லத் திருச்செல்வத்துக்கு அதிகாரம் இருக்கவில்லை. பிழை எப்படி வந்தது என்பதை எழுதாமல் அதை அனுப்ப முடியாது. காரணத்தை முதல் நாளே விளங்கப்படுத்தாதது தன் குற்றம் என்று திருச்செல்வம் எழுதினார். மேலிடம் அதை வாசித்துவிட்டு, கழுவியவரின் பெயரைக் கேட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் அழகம்மாவைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாமாம் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சரி சேர் என்றாள். சரிவைப் பற்றிய உத்தரவை மீளப் பெறும் கடிதம் தபாலில் போனால் ஒரு வாரமாகும் என்பதால், அதன் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். குடை, சோற்றுப் பெட்டி, அந்தக் கடிதம், ஆறு வருடத்தில் அவள் கொண்டுபோனது அவ்வளவுதான்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மேலே போனாள். சரிவில் ஏழு குடும்பத்தின் துண்டு வெறுமையாகிவிட்டது. பிடுங்கிய லீக்ஸ் வரம்போரம் குவியல் குவியலாக, வேரில் ஈரமண்ணோடு கிடந்தது. போஞ்சிக்கொடி வெயிலில் வதங்கிவிட்டது, அதை இனி ஒன்றும் செய்வதற்கில்லை. அண்ணனும் அண்ணி பாப்பம்மாவும் கடைசி வரம்பில் குனிந்திருந்தார்கள். அழகம்மா கடிதத்தை நீட்டினாள். மோகனராஜ் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டார். காணி போகாது என்று தெரிந்ததும் எல்லோரும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கொண்டாட யாருக்கும் தெம்பில்லை. ஒரு போகம் கையை விட்டுப் போய்விட்டது, அது எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கிடந்தது.

மாதிரிப் போத்தல் கழுவியதில் ஏற்பட்ட தவறு என்று கடிதத்தில் ஒரு வரி இருந்தது. அதை விரலால் தொட்டுக்கொண்டு மோகனராஜ் நிமிர்ந்தார். அழகம்மா அவர் கேட்பதற்கு முன்பே சொன்னாள். கழுவியது நான்தான் என்றாள். சவர்க்காரத்தையும் அசிட்டையும் பற்றிச் சொன்னாள். அஞ்சு போத்தல்ல நம்ம போத்தலுக்கு மட்டும் ஏன் என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். ஹபீலின் பெயரை அவள் சொல்லவில்லை.

“அழுக்கா இருக்குன்னு சிரிச்சாங்கண்ணே. நம்ம பேரு சுத்தமா இருக்கணும்னு நெனச்சேன்.”

மோகனராஜ் கடிதத்தை நாலாக மடித்தார். கோபம் இருந்ததா என்று அவர் முகத்தில் தேடினாலும் கிடைத்திருக்காது.

“நம்ம தண்ணி சுத்தமாத்தான் புள்ள வந்துச்சு,” என்றார்.

அது அவளுக்கு வலித்தது. எங்கே என்று தொட்டுக் காட்டக்கூடிய அளவுக்கு வலித்தது. வரம்பில் உட்கார்ந்தாள். யாரும் வந்து தேற்றவில்லை. நான்கு குடும்பத்தார் எழும்பி அவளைத் தாண்டிப் போனார்கள், அவர்கள் அதற்குப் பிறகும் அவளோடு பேசியதில்லை, அதைக் குறை சொல்லவும் முடியாது. பாப்பம்மா மட்டும் ஒரு லீக்ஸ் குவியலை இழுத்து வந்து அவள் காலடியில் போட்டாள்.

“ஒக்காந்திருக்காத. வேரு காயறதுக்குள்ள திருப்பி நட்டா பாதியாவது பொழைக்கும்.”

அழகம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்ணுக்குள் கையை விட்டாள். பொழுது சாயும்வரை இரண்டு பேரும் நட்டார்கள்.